தொழில் பழகுதலின் பயன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, இஞ்சிவிளைக்கு அருகே கேரள மாநிலத்தினுள் புகுகின்றது. பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்னும் ஊர்களைத் தொட்டு, நெய்யாற்றைத் தாண்டி, நெய்யாற்றின்கரையை அடைகின்றது. இவ்வழியிலே பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே அமைந்திருப்பது கொல்லயில் என்னும் ஊராட்சி. தென்னையும் வாழையும் மரவள்ளியும் செழித்த சிற்றூர்கள். வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் மற்றொரு மொழியும் கேட்கும் எல்லைப்புறம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் அவ்வட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள், தம் வீட்டு முற்றத்தை விட்டு அகலாமலே, தமிழகத்துக்குப் புறத்தே வாழும் தமிழராயினர். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழர் இரயிலேறிச் சென்று எந்த நிலையை அடைந்தனரோ, அதே நிலையை இவர்கள் இருந்த இடத்திலேயே அடைந்தனர் எனலாம்.

இவ்விரு சாராருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. அலுவலகத்தின் மொழி வேறு. தேர்வின் மொழி வேறு. அறிந்தவர் பரிந்துரை என்பது அரிது. இந்நிலையில் நம் பிள்ளைகள் நல்ல வேலையில் அமர்வது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடையாக அமையும் வழிகளுள், நாம் போதிய அளவு கவனிக்காத ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகின்றோம். அதுதான் தொழில் பழகுதல். ‘அப்ரண்டிஸ்’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுபவரைச் சட்டத்தமிழ் ‘தொழில் பழகுநர்’ என்று குறிக்கின்றது.

இதன் இயல்பை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொல்லயிலிலிருந்து நெய்யாற்றின்கரையைத் தாண்டிச் சென்றால் பாலராமபுரம் வரும். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மரின் ஆட்சி 1798 முதல் 1810 வரை நடந்தது. அக்காலத்திலே, திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கங்களிலிருந்து சாலியர் குல நெசவாளர் அழைத்து வரப்பட்டு இங்குக் குடியேற்றப்பட்டனர் என்பது அவ்வூர் வரலாறு. அவர்கள் கொண்டு வந்த செல்வம் பொன்னும் அன்று, நிலமும் அன்று. குழித்தறியில் அமர்ந்து மெல்லிய பருத்தித் துணி நெய்யும் கைத்திறனே அது. அத்திறன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் வந்திருக்கின்றது. பாலராமபுரம் கைத்தறித் துணி இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாக விளங்குகின்றது.

இத்திறனை எந்தப் பள்ளி கற்பித்தது? தறிக்குழியே பள்ளி, தந்தையோ மாமனோ ஆசிரியர். நெசவுக் குடும்பங்களில் முதற்பாடம் ராட்டையில் தார் சுற்றுதல். அடுத்தது அறுந்த இழையை முடி தெரியாமல் பிணைத்தல். அதன் பின் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோத்தல். ஓர் இழை இடம் மாறினாலும் துணி முழுவதும் கோடாகத் தெரியும். பிறகுதான் மிதியில் கால் வைக்கவும், நாடாவை எறியவும் இசைவு கிடைக்கும். முதலில் துவர்த்து, அடுத்து வேட்டி, கை நன்கு படிந்த பின்னரே கசவுக் கரையிட்ட சேலை. விலையுயர்ந்த நூலைப் பழகாத கையில் எந்த நெசவாளரும் கொடுக்க மாட்டார். ஆகவே பாடத்தின் வரிசை யாரும் எழுதி வைக்காமலே பொருளின் மதிப்பைக் கொண்டு அமைந்தது.

இங்குக் கற்பிக்கப்படும் சில செய்திகள் எந்த நூலிலும் அடங்காதவை. வைகறையில் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்துவார்கள். கஞ்சி எவ்வளவு செறிவாக இருத்தல் வேண்டும் என்பது அன்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மிகுந்தால் இழை முறியும். குறைந்தால் தறியில் பிசிறு எழும். அச்சை இழுத்து அடிக்கும்போது அடி ஒரே சீராக விழுகின்றதா என்பதைத் தேர்ந்த நெசவாளர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே செவியால் அறிந்துவிடுவார். ‘இப்படி’ என்று ஒருவர் செய்து காட்ட, மற்றொருவர் செய்து பார்த்துப் பிழைபட, பிழை அங்கேயே திருத்தப்பட வேண்டும். தொழில் பழகுதலின் உயிர்நிலை இதுவே.

ஆயினும் பழைய முறையை வெறுமனே போற்றுவது நடுவுநிலை ஆகாது. அதில் மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, பிறப்பு வாயிற்காவலாய் நின்றது. அந்தக் குலத்தில் பிறவாதவனுக்குத் தறி எட்டாத பொருளாயிருந்தது. இன்று பெண்களும் பிற சமூகத்தினரும் தறியில் அமர்கின்றனர். ஆனால் இம்மாற்றம் காலம் தாழ்த்தே வந்தது. இரண்டாவது, கற்றதற்குச் சான்று கிடையாது. தன் தெருவில் அனைவரும் போற்றும் நெசவாளர், வேறு ஊருக்குச் சென்றால் பெயரற்ற கூலியாளே. மூன்றாவது, கற்கும் காலத்துக்கு ஊதியமோ எல்லையோ வகுக்கப்படவில்லை. கற்றவர் எத்தனை ஆண்டுகளில் தனியே நிற்கலாம் என்பது மூத்தோரின் விருப்பத்தைச் சார்ந்தது.

மற்றொரு குறையும் உண்டு. அது கற்பித்தலின் குறை அன்று. விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரால் மலிவாக விற்கப்படுவதனாலும், நெசவுக் கூலி உழைப்புக்கு ஈடாக உயராததனாலும், தம் மக்களைத் தறியில் அமர்த்த நெசவாளர் பலர் தயங்குகின்றனர். கேரள அரசு பள்ளி மாணவர்க்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தை 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அம்மாநில நெசவாளர்க்கு ஓரளவு நிலையான வேலை கிடைத்தது. இதனால் விளங்குவது யாது? எவ்வளவு உயர்ந்த பயிற்சியாயினும் அதன் முடிவில் வாழத்தக்க ஊதியம் காத்திருக்க வேண்டும். இல்லையேல் கற்க வருவார் குறைவர், கலையும் குறையும்.

இனி, இதற்கு நேர்மாறான மற்றொரு வழியைக் காண்போம். கொல்லயில் பக்கத்துத் தனுவச்சபுரத்தில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று உள்ளது. எல்லைக்கு இப்பால், நாகர்கோவில் கோணத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. ஐ.டி.ஐ. என்று மக்கள் வழங்கும் இந்நிலையங்களில் பிறப்பு கேட்கப்படுவதில்லை. பாடத்திட்டம் எழுதப்பட்டிருக்கின்றது, கால எல்லை உண்டு, தேர்வும் சான்றிதழும் உண்டு. பழைய முறையின் குறைகளுள் பலவற்றை இவை தீர்த்து வைத்தன.

ஆனால் பயிற்சி நிலையத்தின் பட்டறை வேறு, தொழிற்சாலை வேறு. பிட்டர் தொழில் பயின்ற இளைஞன் ஒருவன் இரயில்வே பணிமனைக்குள் முதன்முறை நுழைவதாக எண்ணிப் பார்ப்போம். பயிற்சி நிலையத்தில் அவன் இரும்புத் துண்டை அரம் கொண்டு தேய்த்துச் சமன் செய்திருக்கின்றான். வெர்னியர் அளவியால் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்திருக்கின்றான். அங்கே அளவு பிசகினால் மதிப்பெண் குறையும். பணிமனையிலோ அவன் பொருத்தும் உறுப்பின் மேல் பெட்டியின் பாரம் ஏறும். பெட்டிக்குள் மனிதர் அமர்வர். கடைசல் பொறியின் ஓசை சற்றே மாறினால் வெட்டுளி மழுங்கிவிட்டது என்று மூத்த தொழிலாளி எழுந்து செல்வதை அவன் காண்கின்றான். கருவியை எடுத்த இடத்தில் வைக்கவும், அடுத்த பாளி வருபவரிடம் வேலையைத் தெளிவாக ஒப்படைக்கவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்கின்றான். இவை ஒரு நாளில் வருவன அல்ல.

ஆகவே தறிக்குழி தந்தது திறன்; சான்று தரவில்லை. பயிற்சி நிலையம் தருவது சான்று. பணியிடத்தின் பழக்கத்தை அது முழுதும் தர இயலாது. இவ்விரண்டையும் ஒருங்கே பிணைப்பதுதான் சட்டப்படி அமைந்த தொழில் பழகுதல். இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

நம் நாட்டில் இதற்கான முதற்சட்டம் 1850-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அநாதைகளும் ஏழைச் சிறுவரும் தொழில் கற்க வழி செய்வது அதன் நோக்கம். சுதந்திர இந்தியா 1961-ஆம் ஆண்டில் தொழில் பழகுநர் சட்டத்தை நிறைவேற்றிப் பழைய சட்டத்தை நீக்கியது. ஏழைக்குச் செய்யும் உதவி என்ற நிலை மாறி, நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு ஆள் திரட்டும் ஏற்பாடு என்ற நிலை வந்தது. 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றவர்களும், 1986-இல் மேனிலைப் பள்ளித் தொழிற்கல்வி முடித்தவர்களும் இதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர்.

இச்சட்டம் நடைபெறும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனம் பழகுநரைக் கட்டாயம் சேர்த்தல் வேண்டும். நான்கு பேர் உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் சேர்த்துக் கொள்ளலாம். ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்து எண்ணி, மொத்தத் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர் இருக்கலாம். பழகுநருக்குக் குறைந்தது பதினான்கு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இடர் மிகுந்த தொழிலாயின் பதினெட்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. ஐ.டி.ஐ. தேறியவருக்கு அடிப்படைப் பயிற்சி மீண்டும் வேண்டுவதில்லை. நேரே பணியிடப் பயிற்சிக்குச் செல்லலாம்.

நிறுவனமும் பழகுநரும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து அதைப் பதிவு செய்கின்றனர். பதிவு இப்போது இணையத்தின் வழியே நடைபெறுகின்றது. மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. 2019-ஆம் ஆண்டின் விதிகள், கல்வித்தகுதிக்கு ஏற்ப, இதன் கீழ்வரம்பை 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை வகுத்தன. இத்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. வேலையிடத்தில் காயமுற்றால் நிறுவனம் இழப்பீடு தருதல் வேண்டும். பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறியவருக்குத் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் வழங்கப்படும்.

‘அகில இந்திய’ என்னும் சொல்லைப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். திருவனந்தபுரத்தில் பெற்ற சான்று பூனாவிலும் செல்லும். பூனாவில் பெற்றது கோவையிலும் செல்லும். பாலராமபுரத்து நெசவாளருக்கு அக்காலத்தில் எது கிட்டவில்லையோ, அது இன்று ஒரு வெல்டருக்கும் மின்பணியாளருக்கும் கிட்டுகின்றது. ஊர் மாறினாலும் அவர்களுடைய திறனுக்குப் பெயர் உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பயிற்சி முடித்தவருக்கு வேலை உறுதியா? இல்லை என்பதே நேர்மையான விடை. ஒப்பந்தத்தில் அவ்வாறு உறுதி கூறப்பட்டாலன்றி, பயிற்சி அளித்த நிறுவனம் வேலையும் அளித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனினும் 1995-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாயிருப்பின் பயிற்சி பெற்ற பழகுநருக்கே முதன்மை தருதல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தெரிவித்தது. இரயில்வே துறையோ, தன் பணிமனைகளில் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நிலைப் பணியிடங்களுள் நூற்றுக்கு இருபது இடங்களை ஒதுக்கியிருக்கின்றது. பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையும், திருச்சியை அடுத்த பொன்மலைப் பணிமனையும் பழகுநரைச் சேர்க்கும் இடங்களாகத் தமிழர் நன்கு அறிந்தவை.

தொழில் பழகுதல் தீய வழியில் செல்லவும் கூடும் என்பதை மறைத்தல் தகாது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழில் செய்ய விரும்புவோர் ஏழு ஆண்டுகள் பழகுநராயிருத்தல் வேண்டும் என்று விதித்தது. எளிய தொழில்களுக்கு இத்தனை நீண்ட காலம் தேவையில்லை என்று பொருளியல் அறிஞர் ஆதம் ஸ்மித் 1776-இல் கண்டித்து எழுதினார். கற்றுத் தேர்ந்த பின்னும் ஒருவரைக் கற்பவர் என்றே வைத்திருந்தால், அது பயிற்சி அன்று, மலிவான உழைப்பு. நம் சட்டமும் பழகுநரைப் பயில்பவர் என்றே கொள்கின்றது. தொழிலாளர் என்று கொள்வதில்லை. பழகுநருக்குரிய உதவித்தொகை, தொழிலாளருக்குரிய கூலியினும் குறைவாயிருப்பது அதனால்தான். கற்பித்தல் உண்மையாக நடந்தால் மட்டுமே இவ்வேற்றுமை நியாயமாகும். பொறியருகே நிற்க வேண்டியவரைப் பொதி சுமக்க அனுப்பினால் அந்நியாயம் அப்போதே அற்றுப்போகின்றது.

ஆதலின் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் சில கேள்விகளைத் தயங்காது கேட்டல் வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யப்பட்டதா? பயிற்சிக் காலம் எத்தனை மாதம்? எந்த மாதத்தில் எந்த வேலை கற்பிக்கப்படும் என்ற திட்டம் உண்டா? செய்த வேலையைக் குறிக்கும் ஏடு உண்டா? உதவித்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுமா? முடிவில் எந்தத் தேர்வு, யாருடைய சான்றிதழ்? கற்பிக்கும் மூத்த தொழிலாளி யார்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் மீண்டும் எண்ணிப் பார்ப்பது நலம்.

செர்மனி நாட்டில் இளைஞர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள்களில் பணியிடத்திலும் கற்கின்றனர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்கள் இவ்வாறு அங்குக் கற்பிக்கப்படுகின்றன. கல்லூரிக்குப் போக இயலாதவர் செல்லும் வழி என்று அதை அங்கு யாரும் இழிவாக எண்ணுவதில்லை. நம்மிடையேயோ, கை அழுக்காகும் வேலை தாழ்ந்தது என்னும் எண்ணம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. எந்தப் பட்டமாயினும் சரி என்று ஆண்டுகளைக் கழித்த பின், கிடைத்த வேலைக்குச் செல்லும் இளைஞரை நாம் ஒவ்வோர் ஊரிலும் காண்கின்றோம். பதினெட்டு வயதில் ஒரு தொழிலை முறையாகப் பழகத் தொடங்கியவர், இருபத்தொரு வயதில் தம் திறனுக்கு விலை கேட்கும் நிலையில் இருப்பார். மேற்படிப்பை நாடுவார்க்கும் அத்திறன் தடையன்று.

மொழியைப் பற்றி ஒரு சொல். பிற மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வூர் மொழி வாராது என்னும் அச்சம் பெற்றோர்க்கு உண்டு. உண்மையில் பணிமனையைப் போல் விரைவாக மொழி கற்பிக்கும் பள்ளி வேறில்லை. கருவியின் பெயர், அளவு, எச்சரிக்கைச் சொல் ஆகியவை முதல் வாரத்திலேயே நாவில் அமரும். ‘நிறுத்து’ என்ற குரலுக்குப் பொருள் புரியாவிட்டால் விரல் போகும் இடத்தில், மொழி கற்பதைத் தள்ளிப்போட முடியாது. கொல்லயில் பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் இயல்பாகவே பேசுகின்றனர். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் பேசுகின்றனர். இவ்விரு மொழியறிவைக் குறையாக எண்ணாமல், தொழிலோடு சேர்ந்த முதலாக எண்ணுதல் வேண்டும். தமிழை வீட்டில் காப்பதற்கும் இது பகையன்று. நிலையான ஊதியம் உள்ள வீட்டில்தான் மாலையில் அமர்ந்து தாய்மொழி கற்பிக்க ஓய்வும் கிடைக்கும்.

1979-ஆம் ஆண்டு முதல் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இருப்புப்பாதை உண்டு. பாறசாலையும் தனுவச்சபுரமும் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் அப்பாதையின் நிலையங்களே. எல்லைக்கு இருபுறமும் உள்ள பயிற்சி நிலையங்களும் பணியிடங்களும் ஒரு காலைப் பயணத் தொலைவில் இருக்கின்றன. அக்காலத்து நெசவாளர் குடும்பங்கள் எல்லை கடந்து வந்தபோது அவர்களை அந்நிலத்தில் ஊன்ற வைத்தது அவர்கள் கையில் இருந்த தொழில். அதே தொழில் வலிமையை, சான்றும் ஒப்பந்தமும் சேர்த்து, நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இன்று நம்மால் இயலும். இவ்வாண்டு பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டாரும், கல்லூரி விண்ணப்பத்தோடு அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தையும் ஒருமுறை நேரில் சென்று பார்த்து வருவாராக. அங்குள்ள ஆசிரியரிடம், இங்குத் தேறியவர்கள் எந்தெந்தப் பணியிடங்களில் பழகுநராகச் சேர்ந்தனர் என்று கேட்டறிவாராக. முடிவு செய்வது அதன் பின்னர் எளிதாகும்.